ஏழு மாதக் கர்ப்பம், நிலுவையில் பிடிவாரண்ட்: பிரசவம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி

27 வயது வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. பெயர், ஊர், கடை பற்றிய அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறோம்.

கொங்குப் பகுதி நகரம் ஒன்றில் ஜவுளிக்கடை பில்லிங் கவுன்டரில் வேலை பார்த்தவர். 2022 இறுதியில் கணக்குப் பார்த்தபோது ரூ.38,000 குறைந்ததாகக் கடை உரிமையாளர் புகார் கொடுத்தார். இந்திய தண்டனைச் சட்டம் 381-வது பிரிவில் (முதலாளியின் பொருளை ஊழியர் திருடுவது) வழக்கு பதிவானது. கைதாகி, சில நாட்களில் ஜாமீனில் வந்தார். அப்பாவும் சித்தப்பாவும் ஜாமீன்தாரர்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, குற்றச்சாட்டு வனைந்து, வழக்கு சாட்சி விசாரணைக்குப் போடப்பட்டது. அதுவரை எல்லா வாய்தாவுக்கும் போனார். பிறகு திருமணமாகி, 200 கி.மீ. தள்ளி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். "நான் 317 போட்டுக்கிறேன், நீங்க வர வேண்டாம்" என்று (நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவைத்தான் அப்படிச் சொல்வார்கள்) சொன்ன வக்கீல், சில மாதங்களாக போனை எடுப்பதில்லை. மூன்று மாதங்களுக்கு முன் இரண்டு போலீஸ்காரர்கள் அம்மா வீட்டுக்கு வந்து, பிடிவாரண்ட் இருக்கிறது என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

இப்போது அவருக்கு 29-வது வாரம். ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. கணவருக்கு வழக்கு தெரியும், மாமனார் மாமியாருக்குத் தெரியாது. "கர்ப்பிணியைக் கைது பண்ண முடியாது, குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார் ஒருவர். "ஸ்டேஷனில் ஏதாவது கொடுத்தால் வாரண்டை அப்படியே வைத்திருப்பார்கள்" என்கிறார் இன்னொருவர். "பணத்தைக் கட்டிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடியும்" என்கிறார் மற்றொருவர். அவருடைய கேள்வி: "என் குழந்தை ஜெயிலில் பிறந்துவிடுமா?"

வழக்கறிஞரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்களாகக் கோர்ட்டுக்குப் போனால், குழந்தை ஜெயிலில் பிறக்கும் நிலை வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. போகாமல் வாரங்களைக் கடத்தினால் அந்த வாய்ப்பு கூடும். போலீஸ் கொண்டுவந்து நிறுத்தும் பெண்ணையும், வக்கீலோடு தானாக வந்து நிற்கும் பெண்ணையும் எந்த மாஜிஸ்திரேட்டும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஆகவே பிரசவம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். பயணம் செய்ய உங்கள் டாக்டர் அனுமதிக்கிற இந்த நாட்களிலேயே போய்விடுங்கள்.

இன்னொன்று. கடையில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதை வேண்டுமென்றே இங்கே வெளியிடவில்லை. இனி அதைக் கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ உறவினரிடமோ கடைக்காரரிடமோ சொல்லாதீர்கள். நீங்கள் வக்காலத்து கொடுக்கும் வக்கீலிடம் மட்டும், நேரில், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவரிடம் சொல்வதை உங்கள் அனுமதியில்லாமல் அவர் வெளியிட முடியாது. சட்டமே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. மற்றவர்களிடம் எழுதியது உங்களுக்கு எதிரான சாட்சியமாகத் திரும்பி வரலாம்.

உங்கள் வாரண்ட் என்ன நிலையில் இருக்கிறது

உங்களுக்குப் போட்டிருப்பது ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட். வாய்தா அன்று பெயர் கூப்பிட்டும் நீங்கள் ஆஜராகவில்லை, உங்கள் சார்பில் மனுவும் இல்லை என்பதால் போட்டிருப்பார்கள். முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் பிடிவாரண்ட் என்ற வரிசையை 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நடைமுறையில், ஜாமீனில் இருப்பவர் வராமல் போனால் பல கோர்ட்டுகள் நேராகவே பிடிவாரண்ட் போட்டுவிடுகின்றன. இதை மனுவில் ஒரு வரியாகச் சொல்லலாம். ஆனால் இதை வைத்து வாதாடி ஜெயிக்கப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயர், வழக்கு எண் அல்லது போலீஸ் ஸ்டேஷனின் குற்ற எண்ணைப் போட்டுத் தேடலாம். அடுத்த வாய்தா தேதியும் வழக்கு நிற்கும் கட்டமும் தெரியும். அப்படித் தேடுவதால் போலீசுக்குத் தகவல் போகாது. அதே மாதிரி, செக்கப்புக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயப்படாதீர்கள். பிக்மி (கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் முறை) பதிவு சுகாதாரத் துறையின் வேலை, வாரண்டைச் சரிபார்க்கும் இடம் அல்ல. பயத்தில் இரண்டு செக்கப்பைத் தவறவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் கூடியிருக்கும்போது அது வாரண்டை விடப் பெரிய ஆபத்து. இந்த வாரமே போய்வாருங்கள். கோர்ட்டுக்குத் தேவையான சான்றிதழையும் அங்கேயே வாங்கிவிடலாம்.

வாரண்டுக்குக் காலாவதி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 70(2)-ன்படி, அதைப் போட்ட கோர்ட் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேற்றப்படும் வரை அது உயிரோடு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே விதி 72(2). உங்கள் வழக்கு அதற்கு முன்பே நிலுவையில் இருந்ததால் பழைய சட்டப்படியே தொடரும். பழைய பிரிவு எண்களையே இங்கே சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று யோசனைகள்

"கர்ப்பிணியைக் கைது செய்ய முடியாது" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் கர்ப்பிணிக்கு உதவுவது ஜாமீன் கட்டத்தில்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 437-வது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்தில்கூடப் பெண், நோயுற்றவர், உடல் தளர்ந்தவர் என்பதற்காக மாஜிஸ்திரேட் ஜாமீன் தரலாம். உங்கள் 381-க்கு அதிகபட்சமே ஏழு ஆண்டுதான். ஆக கர்ப்பம் உங்களுக்கு வலுவான காரணம். ஆனால் அதை நீங்களே கோர்ட் முன் வைத்தால்தான் பயன்படும். வீட்டுக்குள் இருக்கும் வரை அது யாரையும் தடுக்காது.

பிரசவம் வரை காத்திருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிசேரியன் தையல் ஆறாத உடம்போடும் பால் குடிக்கும் குழந்தையோடும் 200 கி.மீ. பயணம் செய்து கோர்ட் வராந்தாவில் காத்திருப்பது இப்போது போவதைவிடக் கடினம். அதற்குள் வழக்கும் நகரும். வாரண்டை நிறைவேற்ற முடியவில்லை, ஆள் தலைமறைவு என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், 82-வது பிரிவில் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்துப் பிரகடனம் (ஆஜராகச் சொல்லும் பகிரங்க அறிவிப்பு) போடலாம். அடுத்து 83-ல் சொத்து முடக்கம். பிரகடனத்துக்கும் வராவிட்டால் அதுவே மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். இதுவும் நடக்காமல் வழக்கு நீண்டகால நிலுவைப் பட்டியலில் தூங்கினாலும் முடிந்ததாக ஆகாது. பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது எழுந்து நிற்கும்.

ஸ்டேஷனில் பணம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். வாரண்டை ரத்து செய்யும் அதிகாரம் ஸ்டேஷனில் யாருக்கும் இல்லை. இன்று வாங்கிக்கொண்டவர் நாளை மாற்றலாகிப் போவார், அடுத்தவர் கதவைத் தட்டுவார். லஞ்சம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு குற்றம்.

குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு இது மட்டும்: வாரண்டை ரத்து செய்யப் போகிற அன்று, பதற்றத்தில் "நான்தான் எடுத்தேன், மன்னிச்சிடுங்க ஐயா" என்று கூண்டில் நின்று சொல்லிவிடாதீர்கள். அன்று பேச வேண்டியது ஏன் வரவில்லை என்பதைப் பற்றி மட்டும்.

முன்ஜாமீன் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே கைதாகி ஜாமீனில் வந்து, வாய்தாவுக்கு வராததால் வாரண்ட் போடப்பட்டவருக்கு அது சரியான வழியல்ல. உங்களுக்கான மனு "வாரண்ட் ரீகால்", அதாவது வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனு. வாரண்ட் போட்ட அதே கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும்.

வக்கீல்

பழைய வக்கீலோடு சண்டை போட நேரமில்லை. ஒரு முறை எழுத்தில் தகவல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் வேறு வக்கீல் வையுங்கள். முந்தைய வக்கீலின் ஒப்புதல் வாங்குவது வழக்கம். அவர் கிடைக்காவிட்டால் அதைக் குறிப்பிட்டு கோர்ட் அனுமதியுடன் புது வக்காலத்து போடலாம்.

பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. வருமானச் சான்று கேட்டு உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. வழக்கு நடக்கும் ஊரின் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ அணுகுங்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். நீங்கள் இப்போது இருக்கும் மாவட்டத்து வக்கீலைவிட அந்தக் கோர்ட்டிலேயே தினமும் நிற்கிற வக்கீல் நல்லது. மாஜிஸ்திரேட் எந்த நேரத்தில் ரீகால் மனுக்களை எடுப்பார், ஜாமீன்தாரர் விஷயத்தில் என்னென்ன கேட்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ரீகாலுக்குப் போகும் நாள்

அடுத்த வாய்தா தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வேலை நாளிலும் ரீகால் மனு போடலாம். திங்கள் முதல் புதன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமையோ தொடர் விடுமுறைக்கு முந்தின நாளோ போகாதீர்கள். ஒருவேளை அன்று ரிமாண்ட் ஆகிவிட்டால் (சிறைக் காவலுக்கு அனுப்பிவிட்டால்), ஜாமீன் மனு விசாரணைக்கு வர விடுமுறை முடிய வேண்டும். மாஜிஸ்திரேட் லீவில் இல்லை என்பதை முந்தின மாலையே வக்கீல் உறுதி செய்ய வேண்டும். பொறுப்பில் இருக்கும் வேறு மாஜிஸ்திரேட் பல சமயம் இதில் உத்தரவு போடத் தயங்குவார்.

கையில் இருக்க வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், டாக்டரின் சான்றிதழ், ஆதார், திருமணப் பதிவுச் சான்று, இப்போதைய முகவரிக்கான ஆதாரம். டாக்டர் சான்றிதழில் "கர்ப்பமாக இருக்கிறார்" என்று மட்டும் இருந்தால் போதாது. எத்தனையாவது வாரம், பிரசவத் தேதி என்ன, ரத்த அழுத்த அளவு, என்ன மருந்து, நீண்ட பயணம் எந்த வாரம் வரை செய்யலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பின்னால் நேரில் வராமலிருக்க அனுமதி கேட்கவும் இதே சான்றிதழ்தான் உதவும். எக்காரணம் கொண்டும் முன்தேதி போட்ட சான்றிதழோ, வராத நோய்க்கான சான்றிதழோ வாங்காதீர்கள். அரசு வக்கீல் சந்தேகப்பட்டு விசாரிக்கச் சொன்னால், உண்மையான காரணமும் அதோடு சேர்ந்து அடிபடும்.

ரீகால் மனுவோடு வைக்கும் பிரமாணப் பத்திரத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: இந்தத் தேதி வரை ஒழுங்காக வந்தேன், இந்தத் தேதியில் திருமணமாகி இந்த முகவரிக்குப் போனேன், வக்கீல் மனு போடுவார் என்று நம்பியிருந்தேன், வேண்டுமென்று தவறவில்லை, இப்போது இத்தனையாவது வாரம், இனி ஒழுங்காக ஆஜராவேன். பழைய வக்கீலைத் திட்டி ஒரு பக்கம் எழுதுவதால் பயனில்லை. ஆனால் "வர வேண்டாம்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

இரண்டு ஜாமீன்தாரர்களை அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். அசல் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாவற்றுக்கும் நகல்கள். மாஜிஸ்திரேட் புதிதாக ஜாமீன் பத்திரம் எழுதித்தரச் சொன்னால் அந்த மாலையே முடித்துவிடலாம். ஆள் இல்லாமல் "நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லும் இடத்தில்தான் பலர் ஓர் இரவு உள்ளே போகிறார்கள்.

கோர்ட் காலை பத்தரை மணிக்கு உட்காரும். உங்கள் மனு காலையிலும் வரலாம், மதியத்துக்கு மேலும் போகலாம். கர்ப்பிணி என்று சொல்லி முன்னதாகக் கூப்பிட வக்கீல் கேட்டுக்கொள்வார், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பெயர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருங்கள். கூண்டில் தலைசுற்றல் வந்தால் அடக்கிக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். முந்தின நாளே ஊருக்கு வந்து தங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரண்டு நாளுக்கான மாத்திரைகள், மருந்துச் சீட்டு, ஸ்கேன் நகல் ஒரு பையிலும், அதே காகிதங்களின் இன்னொரு நகல் உடன் வருபவரிடமும் இருக்கட்டும்.

மாஜிஸ்திரேட் என்ன செய்யலாம்

மூன்று விதமாக முடியலாம். முதலாவது, எச்சரித்து வாரண்டை ரத்து செய்து, பழைய ஜாமீனிலேயே தொடர விடுவது. சிறு தொகை செலவுத்தொகையாகக் கட்டச் சொல்லலாம். இரண்டாவது, பழைய ஜாமீன் பத்திரம் முறிந்துவிட்டது என்று புது ஜாமீன்தாரர்களைக் கேட்பது. தானாக ஆஜரான கர்ப்பிணிக்கு இந்த இரண்டில் ஒன்று கிடைப்பதே வழக்கம். மூன்றாவது, ரிமாண்ட். ரொம்ப காலம் வராமல் இருந்தவருக்கும், ஏற்கெனவே ஒருமுறை வாரண்ட் ரத்தானவருக்கும் இது நடப்பதுண்டு. உங்களுக்கு இது முதல் வாரண்ட் என்பது சாதகம்.

மூன்றாவது நடந்தால் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வக்கீல் ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருந்து அன்றே அதே கோர்ட்டில் போட வேண்டும். தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட். கர்ப்பம், டாக்டர் கவனிப்பு தேவை என்பதை ரிமாண்ட் உத்தரவிலேயே குறிப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்கள் சிறையில் உள்ளே எடுக்கும்போதே மருத்துவப் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி அங்குள்ள டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கர்ப்பிணிக் கைதிகளுக்கு முறையான கவனிப்பு வேண்டும், பிரசவம் இயன்றவரை சிறைக்கு வெளியே ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் சிறையைப் பிறந்த இடமாகக் காட்டக்கூடாது என்று விதிமுறை வகுத்தது.

பயணமே கூடாது என்று டாக்டர் சொன்னால்

ரத்த அழுத்தம் ஏறி முழு ஓய்வு என்று எழுதிவிட்டால் அதை மீறிப் பயணம் செய்யாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து, நீங்கள் வராமலே ரீகால் மனுவை வக்கீல் தாக்கல் செய்து பார்க்கலாம். ஆள் வராமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் கோர்ட்டுகள் அதிகம். அப்படிச் சொன்னால் சென்னை உயர் நீதிமன்றத்தில் 482-வது பிரிவு மனு (புதிய சட்டத்தில் 528). இத்தனாம் தேதிக்குள் ஆஜராகி ரீகால் மனு போட்டால் அதே நாளில் பரிசீலிக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டுக்கு உத்தரவிடும்படி கேட்கலாம். செலவும் நேரமும் கூடும். அதனால்தான் உடம்பு இடம்கொடுக்கும் இந்த வாரங்களை வீணாக்க வேண்டாம் என்கிறேன்.

அதற்குள் போலீஸ் வந்துவிட்டால்

ஓட வேண்டாம், பின்வாசல் வழியாகப் போக வேண்டாம், கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டாம். வாரண்டைக் காட்டச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கும். வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண் போலீஸ் இல்லாமல் உங்களைத் தொட்டுப் பிடிக்கக்கூடாது. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்த விதியை மீறினாலே கைது செல்லாது என்று ஆகிவிடாது என 2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ஆகவே இரவில் வந்தால் விதியை எடுத்துச் சொல்லுங்கள், காலையில் வக்கீலோடு வருவதாகச் சொல்லுங்கள், மல்லுக்கு நிற்காதீர்கள்.

எத்தனையாவது மாதம், என்ன மருந்து என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி அட்டையைக் காட்டுங்கள். கைதானவரை டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண்ணைப் பெண் டாக்டர் பார்க்க வேண்டும், அல்லது அவரது மேற்பார்வையில் பார்க்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் கோர்ட் முன் நிறுத்த வேண்டும். நீங்கள் வேறு மாவட்டத்தில் இருப்பதால், உள்ளூர்த் தலைமை நீதித்துறை நடுவர் அல்லது செஷன்ஸ் நீதிபதி முன் அங்கேயே ஜாமீன் கேட்கும் வழி 81-வது பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் நேராக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பயணம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் எழுதியிருந்தால், உள்ளூர் வக்கீல் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவருடைய நம்பரை இப்போதே கணவரின் போனில் சேமித்து வையுங்கள்.

வாரண்ட் ரத்தான பிறகு

உத்தரவின் நகலை வாங்கி, அன்றே அல்லது மறுநாள் ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். போனில் ஒரு படமும் இருக்கட்டும். கோர்ட்டிலிருந்து தகவல் போய்ச் சேர நாளாகும். ரத்தான வாரண்டில் ஒருவர் கைதான வழக்கில்தான், 2011-ல் உச்ச நீதிமன்றம் வாரண்ட் பதிவேடுகளை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று விதிமுறைகள் போட வேண்டிவந்தது.

அன்றே பிரசவ காலத்துக்கான 317 மனுவையும் போடச் சொல்லுங்கள். வக்கீல் ஆஜரானால் உங்களை நேரில் வரச் சொல்லாமல் விசாரணையைத் தொடர இது வழிசெய்யும். ஒருமுறை போட்டால் எப்போதைக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போட வேண்டும். மனு போட்டாரா, அடுத்த தேதி எது என்பதை ஒவ்வொரு வாய்தா மாலையிலும் இ-கோர்ட்ஸில் நீங்களே பாருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் இந்த வாரண்டே வந்திருக்காது.

திருட்டு வழக்கை எப்படி முடிப்பது

இப்போது அந்த மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வழக்கு தானாக முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் முடியும், ஆனால் தீர்ப்பில் "குற்றவாளி" என்று இருக்கும். முதலாளியிடம் திருடியதாக ஒரு தண்டனை பதிவானால், கேஷ் கவுன்டர் மட்டுமல்ல, நம்பிக்கை சார்ந்த எந்த வேலைக்கும் அது தடையாக வரும்.

அதைவிட நல்ல வழி சமரசம். 381, கோர்ட்டின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். பொருளின் உரிமையாளர், அதாவது கடைக்காரர், சம்மதிக்க வேண்டும். 320-வது பிரிவின்படி சமரசம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வக்கீல் மூலமாக மட்டும் பேசுங்கள், கடைக்காரரை நேரில் போய்ப் பார்க்காதீர்கள். சாட்சியை மிரட்டினார் என்று ஒரு புது மனு வந்தால் ஜாமீனே போகும். பணம் கொடுப்பதாக இருந்தால் சமரச மனு கையெழுத்தாகும் அன்று, கோர்ட்டில், ரசீதோடு. குற்றப்பத்திரிகையில் 381 மட்டும்தானா, 380-ம் (கட்டடத்துக்குள் திருட்டு) சேர்ந்திருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். 380-ஐ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சமரசம் செய்ய முடியாது; அதற்கு உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

கடைக்காரர் மறுத்தால் வழக்கை நடத்துங்கள். 38,000 என்ற தொகை எப்படி வந்தது, அந்த கவுன்டரில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், பில்லிங் கணினியின் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும், கேமரா பதிவை முறையான மின்னணுச் சான்றிதழோடு தாக்கல் செய்தார்களா: கணக்குக் குறைவு வழக்குகள் நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்விகளில்தான். அப்படியும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால்கூட, முன் தண்டனை இல்லாதவர் என்பதால் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-வது பிரிவில் கண்டித்து விடுவிக்கக் கேட்கலாம். அந்தப் பிரிவில் 381 பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அதே சட்டத்தின் 12-வது பிரிவு, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது.

அப்பா, சித்தப்பா, மாமியார்

நீங்கள் ஆஜராகாததால் ஜாமீன்தாரர்களுக்கு 446-வது பிரிவில் நோட்டீஸ் வரலாம். பத்திரத் தொகையை ஏன் கட்டக்கூடாது என்று கேட்கும் நோட்டீஸ் அது. அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. நீங்கள் ஆஜரான பிறகு தொகையைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கேட்கலாம். சித்தப்பா இனி கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், வேறு ஆளை இந்த வாரமே தேடுங்கள்.

மாமியார் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது நீங்களும் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. சட்டம் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் வாரண்ட் உயிரோடு இருக்கும் வரை, ஒரு காலையில் வாசலில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. ரீகாலுக்கு முன்பே கணவர் தன் அம்மாவிடம் நிதானமாகச் சொல்வது நல்லது என்றே எனக்குப் படுகிறது. எப்படியும் இரண்டு நாள் வெளியூர் பயணம், உடன் ஒரு பெண் துணை, பிரசவ நேரத்தில் வாய்தாக்கள் என்று பலதுக்கும் அந்த வீட்டின் உதவி உங்களுக்குத் தேவைப்படும்.

நாளை காலை செக்கப். அங்கிருந்தே 15100-க்கு ஒரு போன். வக்கீல் அமைந்ததும் வழக்கு எண், பிரசவத் தேதி, ரத்த அழுத்த அளவு மூன்றையும் ஒரே செய்தியில் அவருக்கு அனுப்புங்கள். ரீகால் மனுவை எழுதத் தொடங்க அவருக்கு அது போதும்.